எபிசோட் 41: உங்க கறிவேப்பிலைச் செடி சாகல, தூங்குது

(இந்த எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

 

இன்னைக்கு டெக் பேசப் போறதில்லை. போன எபிசோடில் பேச்சுவாக்கில் எங்க வீட்டுக் கறிவேப்பிலைச் செடி பத்தி ஒரே ஒரு வரி சொன்னேன். அதுக்கு வந்த மெசேஜ் அளவுக்கு, நான் ரெண்டு வாரம் உட்கார்ந்து தயார் பண்ண எபிசோடுக்குக்கூட வந்ததில்லை. அதில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "ப்ரோ, என் செடி இலையெல்லாம் கொட்டுது. செத்துப்போச்சா?"

நான் இதைப் பேசுறது டொரன்டோவில், நவம்பர் மாசம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வச்சாச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடுது. இங்கே இருக்கிற நமக்கே இந்த மாசம் மூட் சரியில்லை. வருஷம் முழுக்க வெயிலில் நிக்கப் பிறந்த ஒரு செடிக்கு எப்படி இருக்கும்?

சென்னையிலும் மதுரையிலும் இருந்து கேக்குறவங்க, "கறிவேப்பிலைக்கு ஒரு எபிசோடா? காய் வாங்கினா கடைக்காரர் ஓசியில குடுப்பாரே"ன்னு சிரிக்கலாம். சிரிங்க. இங்கே ஒரு சின்ன பாக்கெட் இலைக்கு நாங்க கொடுக்கிற காசைச் சொன்னா சிரிப்பு நின்னுடும்.

முதல் கொலை

நான் இந்த ஊருக்கு வந்தது 2021 ஆகஸ்டில். ஸ்கார்பரோவில் ஒரு இலங்கைத் தமிழ்க் குடும்பத்தோட வீட்டில் பேஸ்மென்ட் வாடகைக்கு எடுத்திருந்தேன். செப்டம்பரில் ஒரு கடையில் சின்னக் கறிவேப்பிலைச் செடி பார்த்தேன். ஒரு ஜாண் உயரம். வாங்கிட்டு வந்து பேஸ்மென்ட் ஜன்னல் கிட்ட வச்சேன். ஜன்னல்னு பேருக்குத்தான். தரைமட்டத்தில் ஒரு சின்ன சதுரம், அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் எங்க அம்மா தினமும் காலையில் செடிகளுக்குத் தண்ணி ஊத்துவாங்க. நானும் அதையே செய்தேன். தினமும் காலையில் ஒரு டம்ளர். ரெண்டு மாசத்தில் இலை மஞ்சளாச்சு. தண்ணி பத்தலையோன்னு ரெண்டு டம்ளர் ஆக்கினேன். இலை தொங்க ஆரம்பிச்சுது. அம்மாகிட்ட வீடியோ காலில் காட்டினேன். "புளிச்ச மோர் ஊத்துடா, தழைச்சு வரும்"னாங்க. ஊத்தினேன்.

ஊரில் அது நல்ல வைத்தியம்தான். தோட்டத்து மண்ணில், வெயிலில், காத்தில், மோர் ஊத்தின தடமே தெரியாது. ஜன்னல் திறக்க முடியாத ஒரு பேஸ்மென்டில் ஜனவரி மாசம் மோர் ஊத்தினா என்ன ஆகும்னு நான் யோசிக்கல. மூணாவது நாள் ஒரு வாசம். அடுத்த வாரம் மண்ணிலிருந்து கொசு மாதிரி குட்டிக் குட்டிப் பூச்சிகள். என் லேப்டாப் ஸ்க்ரீன் மேல வந்து உட்காரும். ஆபீஸ் மீட்டிங்கில் நான் கையை ஆட்டிக்கிட்டே இருக்கிறதைப் பார்த்து, ஏதோ கேள்வி கேக்குறேன்னு நினைச்சு மேனேஜர் ரெண்டு தடவை என் பேரைக் கூப்பிட்டார்.

ஜனவரி கடைசியில் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுப்பா, கொழகொழன்னு இருந்துச்சு. அழுகின வாடை. அது தண்ணி இல்லாம சாகல. தண்ணியில் மூழ்கிச் செத்துது.

என்ன தப்பு நடந்துச்சு?

நம்ம தொழிலில் ஒரு சிஸ்டம் விழுந்தா, ஏன் விழுந்துச்சுன்னு உட்கார்ந்து எழுதுவோம் இல்லையா? அதே மாதிரி இதையும் எழுதினேன். காரணங்கள் நாலு. முக்கியத்துவ வரிசையில் சொல்றேன்.

முதல் காரணம், வெளிச்சம். சென்னையில் டிசம்பர் மாசக் குறுகிய பகல்கூட 11 மணி 20 நிமிஷம் இருக்கும். டொரன்டோவில் டிசம்பர் 21 அன்னிக்கு 9 மணி நேரம்கூட முழுசா இல்லை. அதுவும் நடு மத்தியானம் சூரியன் தொடுவானத்துக்கு மேல 23 டிகிரி உயரத்தில்தான் நிக்கும். அதே நாள் சென்னையில் 53 டிகிரிக்கு மேல. இங்கே வெயில் சாய்ஞ்சு, பலவீனமா, பாதி நாள் மேகத்துக்குப் பின்னாடிதான் வருது.

நம்ம கண்ணு இதில் நம்மை ஏமாத்தும். இருட்டான ரூமிலும் கண் தன்னைச் சரி பண்ணிக்கும். அதனால "நல்ல வெளிச்சமாத்தானே இருக்கு"ன்னு தோணும். ஃபோனில் ஒரு லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு அளந்து பாருங்க. துல்லியமா இருக்காது, ஆனா ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். கோடைகால நேரடி வெயில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் லக்ஸ். என் இப்போதைய வீட்டில், தெற்கு பார்த்த ஜன்னல் ஓரத்தில் ஒரு டிசம்பர் மத்தியானம் 3,000 சொச்சம் காட்டுச்சு. அங்கிருந்து ரெண்டரை மீட்டர் தள்ளி, சோஃபா பக்கத்தில், 150. நமக்கு அது ஒரே ரூம். செடிக்கு ரெண்டும் வேற வேற கிரகம்.

ரெண்டாவது காரணம், தண்ணி. செடியை ஒரு பம்ப்னு நினைச்சுக்கோங்க. இலையிலிருந்து தண்ணி ஆவியாகப் போகும்போதுதான் கீழே வேர் புதுத் தண்ணியை இழுக்கும். வெளிச்சம் குறைஞ்சா அந்தப் பம்ப் மெதுவாகிடும். நீங்க ஊத்துற தண்ணி மண்ணிலேயே தங்கும். மண்துகள்களுக்கு நடுவில் இருக்கிற காத்து இடைவெளி எல்லாம் தண்ணியால் நிரம்பிடும். வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது, அழுகும். அழுகின வேரால் தண்ணி இழுக்க முடியாது. அதனால ஈர மண்ணில் நின்னுக்கிட்டே செடி வாடும். நாம என்ன பண்ணுவோம்? "ஐயோ, வாடுதே"ன்னு இன்னும் தண்ணி ஊத்துவோம். இதைவிட அழகான இன்ஃபினிட் லூப்பை நான் கோடில்கூட எழுதினதில்லை.

மூணாவது, காத்து. இது நிறைய பேருக்குத் தெரியாது. குளிர்ந்த காத்தால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது. மைனஸ் 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காத்து முழுசா ஈரமா இருந்தாலும் அதில் இருக்கிறது சுமார் 2 கிராம் தண்ணிதான். அதே காத்து வீட்டுக்குள்ள வந்து ஹீட்டரில் 21 டிகிரிக்குச் சூடாகும்போது, அதால் சுமார் 18 கிராம் தாங்க முடியும். உள்ளே இருக்கிறதோ அதே 2 கிராம். கணக்குப் போட்டா ஈரப்பதம் 11 சதவீதம் சொச்சம். நாம சமைக்கிறது, குளிக்கிறது, மூச்சு விடுறது எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் ஏத்தும். போன பிப்ரவரியில் என் வீட்டில் 18 காட்டுச்சு. நம்ம உதடு வெடிக்குது, சட்டையைக் கழட்டினா ஷாக் அடிக்குது இல்லையா, அந்தக் காத்தில்தான் செடியும் நிக்குது. இலை நுனி காய்ஞ்சு பழுப்பாகுறது இதனால்தான்.

நாலாவது, குளிர். கறிவேப்பிலை, வாழை, மான்ஸ்டெரா மாதிரி வெப்பமண்டலச் செடிகள் உறைபனி வரும்போதுதான் சாகும்னு இல்லை. 10 டிகிரிக்குக் கீழே போனாலே உள்ளே சேதம் ஆரம்பிச்சிடும். அது அடுத்த நாளே கண்ணுக்குத் தெரியாது, ஒரு வாரம் கழிச்சு இலை கறுக்கும்போதுதான் தெரியும். அதனால் முதல் ஃப்ராஸ்ட் வரைக்கும் பால்கனியில் விடாதீங்க. ராத்திரி வெப்பநிலை 12க்குக் கீழே இறங்க ஆரம்பிச்சதும் உள்ளே எடுத்திடுங்க. இங்கே அது பெரும்பாலும் செப்டம்பர் கடைசி.

ஆன்ட்டியோட செடி

இப்போ கதைக்கு வருவோம். நான் வாடகைக்கு இருந்த அதே வீட்டில், மேல ஹாலில், ஆன்ட்டி ஒரு கறிவேப்பிலைச் செடி வச்சிருந்தாங்க. செடின்னு சொல்றதே தப்பு, ஒரு குட்டி மரம். என் நெஞ்சு உயரம். பதினெட்டு வருஷமா வளர்க்கிறாங்க. கனடாவுக்கு வந்த புதுசில் யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டுத் தொட்டியிலிருந்து எடுத்த ஒரு பக்கக் கன்று. அதிலிருந்து இவங்க பிரிச்சுக் கொடுத்த கன்றுகள் ஏழெட்டு வீட்டில் இருக்கு.

2023இல் ஆன்ட்டி அந்த வீட்டை விற்றுட்டு ஒட்டாவாவில் மகள் வீட்டோட போனாங்க. நான் அதுக்கு முன்னாடியே ஒரு காண்டோவுக்கு மாறிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணாங்க. "தம்பி, மகளிட்ட அப்பார்ட்மென்ட். வடக்குப் பக்கம், வெயில் படாது. இதை நீங்கள் வச்சிருங்கோ."

என் பேஸ்மென்ட் சாதனை அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் கொடுத்தாங்க.

ரெண்டு பேர் சேர்ந்து தூக்கிட்டு வந்து வச்சோம். நான் செய்த முதல் வேலை, ஹாலில் எங்கே வச்சா அழகா இருக்கும்னு பார்த்தது. டிவி பக்கத்தில், சுவர் மூலையில் வச்சேன். ஃபோட்டோ எடுத்துப் போட்டேன். சூப்பர்னு கமென்ட் வந்துச்சு. மூலைக்குக் கீழே ஹீட்டர் காத்து வர்ற துவாரம் இருக்குங்கிறதை நான் கவனிக்கல.

நவம்பரில் இலை கொட்ட ஆரம்பிச்சுது. டிசம்பரில் தினமும் பெருக்கினேன். ஜனவரி பாதியில் ஒரு இலைகூட இல்லை. நெஞ்சு உயரத்துக்கு வெறும் குச்சி.

ஆன்ட்டி ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாங்க. "செடி எப்பிடி இருக்குது?" ன்னு கேப்பாங்க. "நல்லா இருக்கு ஆன்ட்டி"ன்னு சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூணு தடவை பொய் சொன்னேன். பதினெட்டு வருஷம் ஒருத்தர் காப்பாத்தினதை மூணு மாசத்தில் முடிச்சுட்டேன்னு எப்படிச் சொல்றது? நாலாவது தடவை, "ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ"ன்னாங்க. மாட்டிக்கிட்டேன். படத்தை அனுப்பிட்டு, "ஸாரி ஆன்ட்டி, செத்துப்போச்சு"ன்னு எழுதினேன்.

உடனே ஃபோன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். சிரிச்சாங்க.

"அது பட்டுப்போகேல்லைத் தம்பி. நித்திரை கொள்ளுது. நகத்தால தண்டை மெல்லச் சுரண்டிப் பாருங்கோ. உள்ளுக்குப் பச்சையெண்டால் உசிர் இருக்கு."

சுரண்டினேன். மெல்லிய பழுப்புத் தோலுக்குக் கீழே, பளிச்சுன்னு பச்சை. மேல் கிளை ஒண்ணு ரெண்டு மட்டும் உள்ளே காய்ஞ்சு பழுப்பா இருந்துச்சு. அடித்தண்டு முழுக்கப் பச்சை.

அப்புறம் ஆன்ட்டி சொன்னாங்க, அவங்க வீட்டிலும் சில வருஷம் இப்படி மொட்டை ஆகியிருக்குன்னு. குளிரும் வெளிச்சக் குறைவும் சேரும்போது கறிவேப்பிலை தன் இலையை உதிர்த்துட்டு வளர்ச்சியை நிறுத்திக்கும். அது அதோட இயல்பு. என் செடியில் இயல்பு பாதி, என் தப்பு பாதி. ஆனா இங்கே பல செடிகள் உண்மையில் சாகுறது இந்தக் கட்டத்தில்தான். தூங்குற செடியைச் செத்ததா நினைச்சுக் குப்பையில் போட்டுடுறோம். இல்லைன்னா எழுப்புறேன்னு தண்ணியும் உரமும் ஊத்திக் கொன்னுடுறோம்.

அப்போ என்ன செய்யணும்?

அன்னிக்கு ராத்திரியே செடியைத் தெற்கு ஜன்னலுக்கு நகர்த்தினேன். இலையோ கிளையோ கண்ணாடியைத் தொடாம ஒரு ஜாண் இடைவெளி. ஜனவரி ராத்திரியில் கண்ணாடி ஓரம் ரூமைவிட ரொம்பக் குளிரா இருக்கும். ஹீட்டர் துவாரத்திலிருந்து தள்ளி வச்சேன்.

ஒரு க்ரோ லைட் வாங்கினேன். ஊதா கலரில் கண்ணைக் குத்துற லைட் தேவையில்லை. வெள்ளை வெளிச்சம் தர்ற எல்இடி போதும். செடி உச்சியிலிருந்து ஒரு அடி உயரத்தில், டைமர் போட்டு 12 மணி நேரம். டைமர் ரொம்ப முக்கியம். நாமளே தினமும் ஆன் பண்ணிக்கலாம்னு நினைச்சா மூணாவது நாள் மறந்துடுவோம்.

தண்ணிக்கு என் முறை இது. குளியலறை வெயிட் மெஷினில் தொட்டியை வச்சுடுவேன். தண்ணி ஊத்தி நல்லா வடிஞ்ச பிறகு 14 கிலோ. 11க்கு இறங்கினாத்தான் அடுத்த தண்ணி. ஜூலையில் பால்கனியில் அது இறங்க மூணு நாள் ஆகும். அந்த ஜனவரியில் 17 நாள் ஆச்சு. பதினேழு! நான் முதல் செடிக்குத் தினமும் ஊத்தினேன், ஞாபகம் இருக்கா? வெயிட் மெஷின் எல்லாம் வேண்டாம்னா விரலை ரெண்டு கணு ஆழம் மண்ணுக்குள்ள விடுங்க. ஈரம் ஒட்டினா ஊத்தாதீங்க. ஊத்தும்போது கொஞ்சமா ஊத்தாம, அடித் துளை வழியா வடியுற வரைக்கும் ஊத்துங்க. தட்டில் தேங்குறதைக் கொட்டிடுங்க. டொரன்டோவில் குழாயில் வர்றது ஒன்டாரியோ ஏரித் தண்ணி, விண்டரில் ஐஸ் மாதிரி இருக்கும். ஒரு ஜக்கில் பிடிச்சு ராத்திரி வீட்டுக்குள்ளேயே வச்சுட்டுக் காலையில் ஊத்துங்க.

ஈரப்பதத்துக்கு இலை மேல ஸ்ப்ரே அடிக்கிறது நமக்குத்தான் திருப்தி. அஞ்சு பத்து நிமிஷத்தில் ஆவியாயிடும். ஒரு சின்ன ஹ்யூமிடிஃபையர் வச்சு 35, 40 சதவீதத்துக்குக் கொண்டுவாங்க. அதுக்கு மேல போனா ஜன்னல் கண்ணாடியில் தண்ணி வழிஞ்சு சுவரில் பூஞ்சை வரும். வீட்டு ஓனருக்குப் பதில் சொல்லணும்.

உரம், அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் வேண்டாம். வளராத செடிக்குச் சாப்பாடு போட்டா அது உப்பா மண்ணில் தங்கி வேரைச் சுடும். மோரும் இந்தக் கணக்கில்தான் வரும், அம்மா மன்னிக்கணும். தொட்டி மாத்துறதும் வசந்த காலம் வரைக்கும் வேண்டாம்.

பூச்சி. வறண்ட காத்து சிலந்திப் பேனுக்குத் திருவிழா. வாரம் ஒரு தடவை இலையோட அடிப்பக்கத்தைப் பாருங்க. மெல்லிய வலை, வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா ஷவரில் வச்சு நல்லாக் கழுவுங்க. தண்டில் பழுப்புச் செதில் மாதிரி ஒட்டியிருந்தா செதில் பூச்சி, நகத்தால் சுரண்டி எடுக்கலாம். அதுக்கும் அடங்கலைன்னா செடிகளுக்குன்னு விற்கிற பூச்சிக்கொல்லி சோப்பு. ஒரு எச்சரிக்கை: மண்ணில் போட்டா செடி உறிஞ்சிக்கிற வகை மருந்து இருக்கு. அது மான்ஸ்டெராவுக்கு வேணும்னா சரி. கறிவேப்பிலைக்கு வேண்டவே வேண்டாம். அந்த மருந்து இலைக்குள்ள போகும், இலை உங்க ரசத்துக்குள்ள போகும்.

இன்னொண்ணும் கேட்டிருந்தீங்க. "ஊரிலிருந்து ஒரு கன்று பெட்டியில் வச்சு எடுத்துட்டு வரலாமா?" வேண்டாம். கறிவேப்பிலை ஆரஞ்சு, எலுமிச்சை குடும்பம். அந்தக் குடும்பத்துச் செடிகளில் வாழுற ஒரு குட்டி உறிஞ்சும் பூச்சி கிரீனிங்னு ஒரு நோயைப் பரப்பும். ஃப்ளோரிடாவில் 2005இல் அந்த நோய் தெரிய வந்துச்சு, அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களை அது என்ன பாடு படுத்துச்சுன்னு தேடிப் பாருங்க. அனுமதி இல்லாம செடி கொண்டுவரக் கூடாதுங்கிறதுக்கு நல்ல காரணம் இருக்கு. இங்கேயே உங்க பக்கத்துத் தமிழ் வீட்டில் கேளுங்க. நிச்சயம் கன்று இருக்கும்.

மத்த செடிகள் சட்டுன்னு சொல்லிடறேன். மணி ப்ளாண்டும் ஸ்நேக் ப்ளாண்டும் வீட்டுக்கு ஒரு காவல்காரர் மாதிரி, தண்ணியைக் குறைச்சா போதும். ஸ்நேக் ப்ளாண்டுக்கு மாசம் ஒரு தடவை தாராளம். துளசி பெரும்பாலும் விண்டரைத் தாண்டாது. மனசைத் தேத்திக்கிட்டு இலையுதிர் காலத்திலேயே விதையை எடுத்து வச்சிடுங்க.

மார்ச்

பிப்ரவரி முதல் வாரத்தில் டொரன்டோவில் பகல் திரும்பவும் 10 மணி நேரத்தைத் தாண்டும். வெளியே பனி முழங்கால் அளவு இருக்கும். நமக்கு விண்டர் முடியுற மாதிரியே தெரியாது. ஆனா செடி நம்மைவிட முன்னாடி கணக்குப் பார்க்கும்.

மார்ச் இரண்டாவது வாரம், ஆபீஸ் காலில் இருக்கும்போது தற்செயலாத் திரும்பினேன். அந்தக் குச்சியோட கணுவில் ஒரு பச்சைப் புள்ளி. கடுகு அளவு. மியூட் போட்டுட்டுப் போய்ப் பார்த்தேன். ஒண்ணு இல்லை, ஒன்பது. காய்ஞ்ச நுனிகளை வெட்டிவிட்டேன். ஏப்ரல் கடைசியில் செடி முழுக்கக் குட்டி இலை.

மே மாசம் விக்டோரியா டே வாரத்தில் பால்கனிக்கு மாத்தினேன். இங்கே தோட்டக்காரங்க எல்லாரும் காத்திருக்கிற நாள் அது. நேரா வெயிலில் வைக்காதீங்க, இலை வெந்துடும். முதலில் நிழல், அப்புறம் காலை வெயில், ஒரு பத்து நாளில் முழு வெயில்.

அப்போதான் கவனிச்சேன், தொட்டி ஓரத்தில் வேரிலிருந்து ஒரு பக்கக் கன்று. ரெண்டு விரல் உயரம். அதை வேரோட பிரிச்சுத் தனியா நட்டேன். ஆகஸ்டில் அது நல்லாப் பிடிச்சு, பத்துப் பன்னிரண்டு இலை விட்டிருந்துச்சு. கார் முன் சீட்டில் வச்சு சீட் பெல்ட் போட்டு, ஒட்டாவா வரைக்கும் நாலரை மணி நேரம் ஓட்டிட்டுப் போனேன். கூடவே ஒரு க்ரோ லைட், ஒரு டைமர்.

ஆன்ட்டி கன்றைக் கையில் வாங்கி ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்தாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டாங்க: "மூண்டு தரம் பொய் சொன்னனீங்கள் எல்லோ?"

அவங்களுக்கு முதல் தடவையே தெரிஞ்சிருக்கு. குரலிலேயே தெரிஞ்சுதாம்.

இந்த வருஷமும் என் செடி இலை கொட்ட ஆரம்பிச்சாச்சு. ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கு, டைமர் ஓடுது, நேத்து எடை 12 கிலோ. போன வாரம் ஆன்ட்டி கூப்பிட்டப்போ, "பாதி இலை போயிடுச்சு ஆன்ட்டி"ன்னு உள்ளதைச் சொன்னேன். "என்ரையும்தான்"னாங்க.

உங்க வீட்டுச் செடி மொட்டையா நிக்குதுன்னா, இன்னைக்கு ராத்திரி ஒரு தடவை நகத்தால் சுரண்டிப் பாருங்க. பச்சையா பழுப்பான்னு எனக்கு மெசேஜ் போடுங்க. பழுப்பா இருந்தா இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டிட்டுப் போடுங்க.

அடுத்த வாரம் திரும்ப டெக் பக்கம் வந்துடுவோம். அதுவரைக்கும், அளவாத் தண்ணி ஊத்துங்க.